தரையை மூடிவிட்டு எதை மீட்டீர்கள்?

அந்தக் கறுப்பு ஷீட்டைப் பற்றித்தான். முந்தாநாளிலிருந்து ஆளாளுக்குப் பகிர்ந்துகொண்டிருக்கும் காணொளியில், 'பாரம்பரிய உப்பளம் மீட்பு' என்ற பதாகைக்குக் கீழே சிறப்பு விருந்தினர் வெள்ளைச் சட்டையில், உப்பை வாரும் வாருபலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பலகைக்கு அடியில் களிமண் பாத்தி இல்லை, பிளாஸ்டிக் ஷீட். வரப்புகள் சிமெண்ட். மூலையில் செல்ஃபி எடுக்க ஒரு வளைவு வேறு. என் நட்பு வட்டத்தில் பாதிப் பேர் அதற்கு இதயக்குறி போட்டிருக்கிறீர்கள். நன்றாக இருங்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். கையால் உப்பு விளைவிக்கும் தொழிலின் திறமை முழுக்கத் தரையில் இருக்கிறது. அந்தத் தரையைப் போடத் தெரிந்தவர்களின் காலில் இருக்கிறது. அதை மூடிவிட்டு மேலே எதைச் செய்தாலும் அது மீட்பு இல்லை.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. உப்புச் செறிவை அளக்கும் டிகிரிக் (போமே) கணக்கில் மூன்று, மூன்றரை. அதை முதலில் தெப்பம் என்ற தேக்கத்தில் நிறுத்தி, பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலிலும் காற்றிலும் வற்றவிட்டு 25 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டும். அதற்குள் தண்ணீர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். வழியில் ஜிப்சம் தனியாகப் படியும். 25-ல் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரிக்கு மேல் போகவிட்டால் மக்னீசியம் சேர்ந்து உப்பு கசக்கும், அதற்குள் அந்தத் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இதெல்லாம் புத்தகத்திலும் இருக்கிறது, மீட்டர் வைத்தும் பார்த்துவிடலாம்.

புத்தகத்தில் அவ்வளவாக இல்லாதது தரை. மழைக்காலம் முடிந்ததும் பாத்தியில் நிற்கும் தண்ணீரை வடித்து, வண்டலை அள்ளி, மேல்மண்ணைக் கிளறி, ஈரம் பார்த்து, மிதிக்க வேண்டும். வரிசையாக நின்று, குதிகாலை ஊன்றி, ஒரு கால் இடம்கூட விட்டுப்போகாமல். பாதி காயவிட்டு மறுபடியும் மிதிக்க வேண்டும். ஈரம் அதிகமானால் கால் புதையும், குறைந்தால் களிமண் வெடிக்கும். மயிரிழை வெடிப்பு ஒன்று இருந்தாலும் வாரக்கணக்கில் வெயிலில் நிறுத்தி ஏற்றிய டிகிரித் தண்ணீர் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடும். தரை இளகலாக இருந்தால் வாரும்போது சேறும் சேர்ந்து வரும். அந்த உப்பை வியாபாரி கையால்கூடத் தொட மாட்டான்.

என் ஆச்சி பாத்திக்காரி. சின்ன வயதில் நாங்கள் உப்பளத்துக்குப் போனால் அவள் முதலில் பார்ப்பது எங்கள் காலைத்தான். "ஏட்டி, செருப்போட பாத்திக்குள்ள எறங்குன, கால ஒடிச்சிருவேன்" என்பாள். சாமி, பக்தி எல்லாம் காரணம் இல்லை. செருப்பு விளிம்பு தரையில் தடம் போட்டுவிடும், அந்தத் தடத்தில் தண்ணீர் கசியும், அவ்வளவுதான். கங்காணியைக்கூடச் செருப்போடு இறங்கவிட்டதில்லை. கச்சான் என்கிற மேல்காற்று எடுத்துவிட்டால் வரப்பில் நின்றபடியே எந்தப் பாத்தி எப்போது விளையும் என்று சொல்லிவிடுவாள். ஆனால் அவளைப் பற்றி அளத்தில் எல்லோரும் பெருமையாகச் சொன்னது அதை இல்லை. "அவ மிதிச்ச பாத்தி குடிக்காது" என்றுதான் சொல்வார்கள்.

இப்போது அந்தக் காணொளிக்குக் கீழே உள்ள கருத்துப் பெட்டிக்கு வருவோம். "ஷீட் விரித்தால் உப்பு வெள்ளையாக வரும், சீக்கிரம் விளையும், ஆள்கூலி மிச்சம்" என்று ஒரு பொறியாளர் நண்பர் பாடம் எடுத்திருக்கிறார். உண்மைதான் சார், நான் மறுக்கவே இல்லை. கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாத சிறு அளக்காரர் ஷீட் விரித்தால் அவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். அவர் பிழைப்பு. ஆனால் அவர் பதாகை கட்டி 'பாரம்பரியம்' என்று எழுதுவதில்லை. இந்த மீட்புத் திட்டத்தை நடத்தும் நீங்கள் எழுதுகிறீர்கள். கைத்தறிக் கண்காட்சி என்று அழைத்து விசைத்தறித் துணியை விரித்துவைத்தால் நெசவாளிக்கு எப்படி இருக்கும்? அப்படித்தான் எனக்கு இருந்தது.

உள்ளூர் ஆச்சி சொன்னால் உங்களுக்குப் போதாது என்று தெரியும். சரி, வெளிநாட்டுக்கே போவோம். ஸ்லோவேனியாவில் செச்சோவ்லியே என்று பழைய உப்பளம் இருக்கிறது. அங்கே பாத்தித் தரையில் பெட்டோலா என்ற மெல்லிய படலத்தை வளர்க்கிறார்கள். நுண்ணுயிரும் ஜிப்சமும் களியும் சேர்ந்து உருவாகும் படலம். உப்பில் சேறு கலக்காமல் காப்பது அதுதான். அது கிழியக் கூடாது என்பதற்காகத் தட்டையான மரச் செருப்பு போட்டுக்கொண்டு பாத்தியில் நடக்கிறார்கள். 14-ஆம் நூற்றாண்டில் வந்த முறை, இன்றும் அதை வருடாவருடம் கவனித்துப் பராமரிக்கிறார்கள். அதன்மேல் ஷீட் விரிக்கலாமா என்று அங்கே போய்க் கேட்டுப் பாருங்கள். பிரான்சில் கெராந்து உப்பளத்தை 1970-களில் சாலையும் சுற்றுலாவும் விழுங்கப் பார்த்தபோது உப்புத் தொழிலாளர்கள் எதிர்த்து நின்றார்கள். அப்புறம் இளைஞர்களுக்குப் பயிற்சிப் படிப்பே கொண்டுவந்தார்கள். அங்கேயும் பாத்திக்கு அடியில் இருப்பது களிமண்தான். ஸ்பெயினின் அன்யானாவில் மரமும் கல்லும் களியும் கொண்ட அடுக்குப் பாத்திகளை அதே பொருள்களால் சரிசெய்தார்கள், பழைய உப்புக்காரர்களைக் கேட்டுத்தான் செய்தார்கள். அவர்களுக்கெல்லாம் சிமெண்ட் கிடைக்கவில்லையா என்ன?

"அயோடின் கலக்காத உப்பால் என்ன பயன்?" என்றும் ஒருவர் கேட்டிருந்தார். நேரடியாகச் சாப்பிட அயோடின் கலக்காத உப்பை விற்கக் கூடாது என்று 2006 முதல் சட்டம் இருக்கிறது. கழுத்துக் கழலை வராமல் இருக்கத்தான், நல்ல சட்டம்தான். கையால் வாரிய உப்பிலும் அயோடின் கலக்கலாம். தரைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

என்னை உண்மையில் சுட்ட கேள்வி வேறு. "அப்போ உங்க ஆச்சி மாதிரி இன்னும் நாலு பேர் வெறுங்காலில் வெந்து சாகணும்கிறீங்களா?" கேட்டவர் என்னோடு படித்தவர். எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்.

வெறுங்கால் கொப்புளம், கண்ணைக் கூசவைக்கும் வெள்ளை வெயில், பெண்களின் தலைச்சுமை எல்லாம் எனக்கு நீங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆச்சியின் பாதத்தில் எண்ணெய் தேய்த்து வளர்ந்தவள் நான். வாருவதற்கு பூட்ஸ் கொடுங்கள். கறுப்புக் கண்ணாடி கொடுங்கள். நிழலும் குடிதண்ணீரும் பெண்களுக்கு ஒரு கழிப்பறையும் கொடுங்கள். சுமக்கத் தள்ளுவண்டி கொடுங்கள். மிதிப்பதற்குக்கூட மெல்லிய உறை தைக்க முடியும், ஸ்லோவேனியாக்காரர்கள் மரத்திலேயே செய்துகொண்டார்களே. இதில் எதைச் செய்தாலும் மரபு கெட்டுப்போகாது. கஷ்டம் வேறு, கைத்தொழில் வேறு. கஷ்டத்தைப் போக்கச் சொன்னால் நீங்கள் கைத்தொழிலை எடுத்துவிட்டுக் கஷ்டத்தை அப்படியே விட்டுவைக்கிறீர்கள். அந்தக் காணொளியில் மேடைக்குப் பின்னால் இரண்டு பெண்கள் தலையில் மண் சுமந்து போகிறார்களே, யாராவது கவனித்தீர்களா? வெறுங்கால்தான்.

மேடையைப் பற்றிச் சொன்னதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. இரண்டு முதியவர்களை 'மரபுத் தொழிலாளர்கள்' என்று அழைத்துவந்து பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியதும் கீழே இறக்கிவிட்டார்கள். ஒரு வார்த்தை பேசவிடவில்லை. பேசவிட்டிருந்தால் ஷீட்டை எடுக்கச் சொல்லியிருப்பார்கள் என்ற பயமோ என்னவோ.

இது புதிதும் இல்லை. ஒருமுறை கண்காட்சி நடத்துகிறோம் என்று ஒரு குழு வந்தது. ஆச்சி உப்பு சுமந்த பனைநார்ப் பெட்டியைக் கேட்டார்கள், முடிந்ததும் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். ஆச்சி அவர்களை உட்காரவைத்துக் காப்பி போட்டுக் கொடுத்தாள், பெயரையும் ஊரையும் எழுதிக்கொண்டார்கள். பெட்டி வரவில்லை. ரொம்ப நாள் கழித்து ஒரு மண்டபத்தில் கண்ணாடிக்குள் பார்த்தேன். பக்கத்தில் அட்டை: 'உப்புப் பெட்டி. பனைநார். பெயர் தெரியாத கைவினைஞர்.' ஆச்சி அப்போது உயிரோடு இருந்தாள். வீட்டுக்குப் போய் அவளிடம் நான் சொல்லவில்லை.

1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் நடந்தவர்களை நாம் மறக்கவில்லை. மறக்கவும் கூடாது. அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளியதற்கு நினைவுத்தூண் இருக்கிறது, பாடம் இருக்கிறது, வருடாவருடம் நினைவு நடைப்பயணமும் உண்டு. ஆனால் அந்த ஊர்களில் அதற்கு முன்னும் பின்னும் தலைமுறை தலைமுறையாகப் பாத்தி மிதித்தவர்கள் பெயரை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்? சங்கப் பாட்டில் உப்பு வணிகர்களான உமணர் வண்டி போகிறது என்று மேடையில் உருகுபவர்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளிக்கு அரசு தரும் 5,000 ரூபாய் எத்தனை நாளைக்குக் காணும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. தரைக்கே வருகிறேன். மிதிக்கத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பிள்ளைகள் இந்தப் பக்கம் வரவில்லை, வராததற்கு அவர்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பக்கத்தில் நின்று கூடவே மிதித்துத்தான் கற்றுக்கொள்ள முடியும் என்பதால், இன்னும் கொஞ்சக் காலத்தில் கேட்பதற்கே ஆள் இருக்காது. ஷீட் எப்போது வேண்டுமானாலும் கடையில் கிடைக்கும்.

திட்டத்தை நடத்துபவர்களில் இரண்டு பேர் என் நட்புப் பட்டியலிலேயே இருக்கிறீர்கள், இதைப் படிப்பீர்கள். 'எதிர்மறையாகவே பேசுகிறாள்' என்று தனிச்செய்தி அனுப்புவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். உங்கள் மதிப்பீட்டுத் தாளில் வளைவுக்கு எவ்வளவு, ஷீட்டுக்கு எவ்வளவு, பாத்தி மிதிக்கக் கூலி எவ்வளவு என்ற மூன்று வரிகளை மட்டும் கீழே கமெண்ட்டில் போடுங்கள். மூன்றாவது வரியில் ஒரு தொகை இருந்தால் இந்தப் பதிவை இன்றைக்கே எடுத்துவிடுகிறேன்.