ஓவர்நைட் எல்லாம் இல்லைங்க

யூடியூபில் காமெடி வீடியோ போட்ட பையன் டிவிக்குப் போய், அங்கிருந்து சினிமா நடிகரான கதையைப் படித்தேன். சந்தோஷம். ஆனால் 'ஒரே வீடியோவில் ஓவர்நைட்டில் பிரபலம்' என்று எழுதியிருப்பதுதான் இடிக்கிறது.

என் அக்கா மகன் வேலூர் சத்துவாச்சாரியில் மொட்டை மாடியில் இரண்டு வருடமாக இதையேதான் செய்கிறான். விளம்பரக் காசு வர 1000 சந்தாதாரர்கள், ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வை என்று கணக்கு இருக்கிறதே, அதையே இன்னும் தொடவில்லை. செல்போனை இரண்டு செங்கல்லுக்கு நடுவே சொருகி நிறுத்துவார்கள். சரியாக சிரிப்பு வர வேண்டிய இடத்தில் கீழே குக்கர் விசில் அடிக்கும். அப்புறம் முதலிலிருந்து. அதுவும் வேலூர் மே மாத வெயிலில்!

2017இல் 'மீசைய முறுக்கு' படத்தில் யூடியூபில் பிரபலமான 'எருமசாணி' சேனல் விஜய், விக்னேஷ்காந்த் எல்லாம் வந்தபோது கதவு திறந்துவிட்டது என்று நினைத்தோம். விஜய் 2022இல் 'டி பிளாக்' படத்தை இயக்கவும் செய்தார். ஆனால் பலரை ஹீரோவின் நண்பனாகவே நிறுத்திவிடுகிறார்கள். வீடியோவில் அவர்களே எழுதிப் பேசியபோது இருந்த சுருக், யாரோ எழுதிய வசனத்தில் வருவதில்லை.

இன்னொன்று. மதுரைத் தமிழ், கோவைத் தமிழ், நெல்லைத் தமிழ் எல்லாம் திரையில் கேட்டாச்சு. எங்கள் பக்கம் 'இன்னாபா, எங்க போய்கினு கீற' என்றால் மட்டும் உடனே சென்னை ரவுடி வேஷமா? அக்கா மகன் அப்படித்தான் பேசி நடிக்கிறான். அக்காதான் "பேங்க் பரீட்சைக்குப் படிடா" என்று மாடிப்படியில் நின்று கத்துகிறாள். அதுவும் வீடியோவில் பதிவாகிவிடுகிறது.