சின்னப் புத்தகம்னா அவ்வளவு கேவலமா?

ஞாயிற்றுக்கிழமை வாசகர் சந்திப்புல என்ன நடந்துச்சுன்னு வந்தவங்களுக்குத் தெரியும். வராதவங்களுக்கும் இந்நேரம் யாராவது சொல்லியிருப்பாங்க. மூணு நாளா எழுதக்கூடாது எழுதக்கூடாதுன்னுதான் இருந்தேன், முடியல. இந்த வருஷம் எனக்குப் பிடிச்ச புத்தகம்னு நான், கோர்ட் கதைகளுக்குப் பேர்போன அமெரிக்க எழுத்தாளர் ஜான் கிரிஷாமோட 'ஸ்கிப்பிங் கிறிஸ்மஸ்' (கிறிஸ்மஸைத் தவிர்க்கிறதுன்னு அர்த்தம்) நாவல் பேரைச் சொன்னேன், அவ்வளவுதான் நான் செஞ்ச தப்பு. "ரெண்டு மணி நேரத்துல முடியிறதெல்லாம் வாசிப்புல சேர்த்தியா தம்பி"ன்னு நான் ரொம்ப மதிக்கிற ஒரு அண்ணன் கேட்டாரு, கூட்டமே சிரிச்சுது. நானும் சேர்ந்து சிரிச்சு வச்சேன். அதுதான் இப்பவும் உறுத்துது.

புத்தகம் உங்களுக்குப் பிடிக்கலையா, சரி. பிடிக்கலைன்னு சொல்லுங்க, ஏன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்குறேன். ஆனா பிடிச்சவன் முட்டாள்னு எப்படி முடிவு பண்றீங்க?

கதை தெரியாதவங்களுக்குச் சொல்லிடுறேன். லூதர் கிராங்க், நோரா கிராங்க்னு நடுவயசு தம்பதி. ஒரே பொண்ணு பிளேர், பீஸ் கார்ப்ஸ்ங்கிற அமெரிக்க அரசோட தொண்டர் அமைப்புல சேர்ந்து பெரு நாட்டுக்குப் போயிடுறா. லூதர் கணக்கு வழக்குப் பார்க்கிற ஆளு, போன வருஷ கிறிஸ்மஸுக்கு என்ன செலவாச்சுன்னு உக்காந்து கூட்டிப் பார்க்குறான், 6,100 டாலர் வருது. அதுல பாதியில கரீபியன் கடல்ல கப்பல் பயணமே போகலாமே, இந்த வருஷம் மரம் வேண்டாம் விருந்து வேண்டாம் வாழ்த்து அட்டை வேண்டாம்னு முடிவு பண்றான். ஹெம்லாக் தெருவுல எல்லார் வீட்டுக் கூரையிலயும் ஒரே மாதிரி பெரிய பிளாஸ்டிக் பனிமனிதன் நிக்கும், இவங்க வீட்டுல மட்டும் நிக்காது. தெருவே கொதிச்சுப் போயிடுது. கடைசியில 24ஆம் தேதி காலையில பொண்ணு போன் பண்றா, அம்மா நான் இன்னைக்கே வீட்டுக்கு வர்றேன், நான் கட்டிக்கப் போறவரும் கூட வர்றார், அவர் அமெரிக்க கிறிஸ்மஸ் பார்த்ததே இல்லைன்னு. வழக்கமான விருந்து உண்டுதானேன்னு கேக்குறா. வீட்டுல ஒரு மரம் கூட இல்ல. ஆனா நோராவோட வாயில "உண்டு"ன்னுதான் வருது. அந்த ஒரு சொல்லுக்காகவே நான் இந்த நாவலைக் கொண்டாடுவேன். எந்த அம்மாவா இருந்தாலும் அங்க அதைத்தான் சொல்லுவா. ஆராய்ச்சி பண்ணி எழுதுற சமாச்சாரம் இல்ல அது, வீட்டுல அம்மாவைக் கவனிச்சவனுக்குத்தான் வரும்.

கிரிஷாம் கோர்ட் கதையோட நிறுத்தியிருக்கணும்னு ஒருத்தர் சொன்னாரு. அவர் என்ன எழுதணும்னு நாம யாருங்க சொல்ல? 2001ல இந்த நாவலோட சேர்த்து 'எ பெயின்டட் ஹவுஸ்'னு இன்னொரு நாவலும் போட்டாரு, அதுலயும் கோர்ட் கிடையாது. விடுங்க.

கிறிஸ்மஸ் சீசனுக்கு காசு பார்க்க எழுதினதுன்னு அடுத்த குற்றச்சாட்டு. ஆமா, நவம்பர்லதான் வந்துச்சு, டிசம்பர்ல விக்கத்தான் வந்துச்சு. டிக்கன்ஸோட 'எ கிறிஸ்மஸ் கேரல்' எப்ப வந்துச்சு? 1843 டிசம்பர் 19. முதல்ல அடிச்ச 6,000 பிரதியும் கிறிஸ்மஸுக்கு முந்தின நாளுக்குள்ள தீர்ந்து போச்சு. அதுவும் சின்னப் புத்தகம்தான், அதுவும் ஒரே மூச்சுல படிச்சு முடிக்கிறதுதான். ரெண்டும் ஒண்ணுன்னு நான் சொல்லல, ஐயா, சொல்லவே இல்ல. சீசனுக்கு வர்றதும் சின்னதா இருக்குறதும் குற்றம்னா டிக்கன்ஸும்தான் கூண்டுல ஏறணும்னு சொல்றேன். இன்னொண்ணு, இதைத் திட்டுறவங்கள்ல பாதிப் பேரு 2004ல வந்த படத்தைத்தான் பார்த்திருக்காங்க. படம் எனக்கும் பிடிக்காது. படத்தைப் பார்த்துட்டு புத்தகத்தை அடிக்காதீங்க.

இனி உண்மையான ஆட்சேபத்துக்கு வர்றேன், இதை மட்டும் நான் ஒதுக்க மாட்டேன். அக்கம்பக்கத்துக்காரங்க பண்றது அராஜகம், ஒரு மனுஷனுக்கு பண்டிகை கொண்டாடாம இருக்க உரிமை இல்லையா, கடைசியில நாவல் அவனைத்தானே மண்டியிட வைக்குதுன்னு கூட்டத்துல ஒரு பொண்ணு பேசினாங்க. நல்லாத்தான் பேசினாங்க. போலீஸ்காரங்க காலண்டர் விக்க வர்றாங்க, தீயணைப்புக்காரங்க கேக் விக்க வர்றாங்க, சாரணர் பசங்க மரம் விக்க வர்றாங்க, வாங்கலைன்னா எல்லாருக்கும் முகம் மாறுது. படிக்கும்போது எனக்கும் எரிச்சலாதான் இருந்துச்சு. கேரல், அதான் வீடு வீடா வந்து கிறிஸ்மஸ் பாட்டு பாடுறவங்களைக் கொண்டுவந்து வீட்டு வாசல்லயே நிறுத்துற இடம் சிரிப்பா எழுதியிருந்தாலும் உள்ள இருக்குறவனுக்கு அது சிரிப்பு இல்ல. ஒத்துக்குறேன்.

ஆனா அவன் மண்டியிட்டான்னு மட்டும் சொல்லாதீங்க. பொண்ணு வர்றான்னு தெரிஞ்சதும் பக்கத்து வீட்டு மரத்தைக் கடன் வாங்குறான், கூரையில ஏறி வழுக்கி விழுறான், இத்தனை நாளா முறைச்சுக்கிட்டிருந்த அதே தெரு மொத்தமா ஓடி வந்து சாப்பாடு, மரம், அலங்காரம்னு எல்லாம் செஞ்சு கொடுக்குது. அதுக்கப்புறம் லூதர் யாரும் சொல்லாம எதிர்வீட்டுக்கு நடந்து போறான். அந்த வால்ட் ஷீலை இவனுக்குப் பிடிக்கவே பிடிக்காது. அவர் மனைவி பெவ்வுக்கு புற்றுநோய் திரும்ப வந்திருக்கு. கப்பல் டிக்கெட்டை நீட்டுறான். இதுல ஏதோ சூது இருக்குன்னு அவங்க முதல்ல நம்பவே மாட்டேங்குறாங்க. திரும்பி வரும்போது கூட லூதர் மனசுல ஓடுறது என்ன? கிறிஸ்மஸைத் தவிர்க்கிறதாவது, என்ன பைத்தியக்காரத்தனம், ஒருவேளை அடுத்த வருஷம் பார்க்கலாம்னு. தோத்துப் போனவன் இப்படியா நினைப்பான்? இதைப் படிக்காமலே சிரிச்சீங்களேன்னுதான் எனக்கு ஆத்திரம்.

அப்புறம், "நீங்க கிறிஸ்டியன், அதான் தூக்கிப் பிடிக்கிறீங்க"ன்னு ஒரு குரல். யார்னு தெரியும், சொல்ல மாட்டேன். அந்த நாவல்ல இயேசுவே கிட்டத்தட்ட கிடையாதுங்க. மரம் இருக்கு, விருந்து இருக்கு, தெரு இருக்கு. நான் அதை வேதப் புத்தகமாவா படிச்சேன்? தெருவுக்காகப் படிச்சேன்.

ஏன்னு சொல்லிடுறேன். பாளையங்கோட்டையில அப்பா இறந்தது ஒரு அக்டோபர்ல. அந்த டிசம்பர் எங்க வீட்டுல நட்சத்திரம் கட்டல, பலகாரம் சுடல, துக்க வீட்டுல அடுப்புல எண்ணெய்ச் சட்டி வைக்கிறதில்ல. லூதர் கணக்குப் போட்டு விட்டான், நாங்க விதியில்லாம விட்டோம். வருஷா வருஷம் நாங்கதான் தெருவுக்கே முந்திரிக்கொத்தும் அதிரசமும் கொடுப்போம். 24ஆம் தேதி சாயங்காலம் பக்கத்து வீட்டு ஆச்சி வந்தாவ, கையில ஒரு பெரிய தூக்குவாளி. மூடியைத் திறந்தா அதிரசம். ஆச்சி வீட்டுல கிறிஸ்மஸ் கிடையாது. ஆனா "நீங்க சுடக்கூடாதுல்லா, அதான் நான் சுட்டேன். பிள்ளையள் பண்டிகைன்னைக்கு வெறும் வாயோட இருக்கக் கூடாது"ன்னு சொல்லிட்டு உக்காராம போயிட்டாவ. அதிரசம் ஓரம் கருகியிருந்துச்சு, அவியளுக்கு பாகு பதம் என்னைக்குமே வராது. அம்மா ஒண்ணை எடுத்துப் பிட்டு எனக்கும் தங்கச்சிக்கும் கொடுத்துட்டு வாளியை மடியில வச்சிக்கிட்டு ரொம்ப நேரம் இருந்தா.

அன்னைக்கு ராத்திரி கேரல் ரவுண்டு வந்துச்சு. தெருமுனை வரைக்கும் டிரம் அதிருது, எங்க வீடு நெருங்கினதும் சத்தம் நின்னு போச்சு. வரலாமா கூடாதான்னு அவங்களுக்குத் தெரியல, எங்களுக்கும் கூப்பிடத் தெரியல. ஜன்னல் இடுக்கு வழியா பார்த்தேன், கிறிஸ்மஸ் தாத்தா வேஷம் போட்ட அண்ணன் முகமூடியைக் கழட்டிக் கையில வச்சிட்டு நிக்கிறான். அப்புறம் டிரம் இல்லாம, கைத்தட்டு இல்லாம, மெதுவா ஒரே ஒரு பாட்டு பாடினாங்க. அம்மா கதவைத் திறந்தா.

கூட்டத்துல அந்தப் பொண்ணு சொன்னதை நான் யோசிச்சதே இல்லைன்னு நினைக்காதீங்க. ஹெம்லாக் தெருவுல வாசல்ல நின்னு பாடினவங்களும் எங்க வாசல்ல நின்னு பாடினவங்களும் ஒண்ணு இல்ல. எங்க பசங்க டிரம்மை நிறுத்தினாங்க. அவ்வளவுதான் வித்தியாசம், அது பெரிய வித்தியாசம். ஆனா நிறுத்தத் தெரியாத அதே ஹெம்லாக் தெருக்காரங்கதான் கடைசி நேரத்துல கையில சாப்பாட்டோட ஓடியும் வர்றாங்க, மனுஷங்க ரெண்டுமா இருக்காங்கன்னு அந்தச் சின்னப் புத்தகம் சிரிச்சுக்கிட்டே காட்டுது, எனக்கு அது போதும், உங்களுக்குப் போதாதுன்னா போதாமலே இருக்கட்டும், என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறீங்க?

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மனசு சரியில்லாம அம்மாவுக்குப் போன் பண்ணேன். கூட்டத்துல நடந்ததைச் சொல்லல. கதையை மட்டும் முழுசாச் சொன்னேன், கணக்கு, பனிமனிதன், போன், கூரை, டிக்கெட் எல்லாம். பொண்ணு வர்றேன்னு போன் பண்ற இடத்துல அம்மா "ஐயோ பாவம்"னா. முழுக்கக் கேட்டு முடிச்சுட்டு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டா.

"ஏல, அந்த எதிர்வீட்டம்மா கப்பல்ல போனாவளா?"

நாவல் அந்த ராத்திரியோட முடிஞ்சுடுதும்மா, சொல்லலன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "போயிருப்பாவ"ன்னா.