கார்ட்மன் டச்பேக்கு வந்த கதை

போன சனிக்கிழமை பின்னேரம் திருகோணமலை டச்பே கடற்கரையில் கச்சான் கொறித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மகன் கூட்டாளிகளோடு கிரிக்கெட் விளையாடினான். பத்து வயது. வழக்கம்போல அவுட்டா இல்லையா என்று சண்டை. துடுப்பு இவன் கையில், பந்து இவனுடைய ரியூசன் கூட்டாளியின் கையில். அவன் முஸ்லிம் பெடியன். இரண்டு வருடமாக ஒரே வாங்கில் இருந்து படிக்கிறார்கள். பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வட்டிலப்பம் அவன் வீட்டிலிருந்துதான் வரும்.

மருமகன் குரலை மூக்கால் இழுத்து, அவனுடைய சமயத்தையும் சேர்த்து ஆங்கிலத்தில் ஒரு வசை சொன்னான். அந்தக் குரல் எனக்கு நல்ல பழக்கம். சவுத் பார்க் கார்ட்டூனில் கார்ட்மன் என்ற பெடியன் தன் யூதக் கூட்டாளி கைலைத் திட்டுகிற குரல். யூதன் என்ற சொல் இருந்த இடத்தில் வேறு சொல், அவ்வளவுதான் மாற்றம்.

அந்தப் பெடியன் பந்தை மணலில் வைத்தான். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு நடக்கத் தொடங்கினான். குப்பையில் வாய் வைத்துக்கொண்டிருந்த மான் ஒன்றுதான் தலையைத் தூக்கி அவனைப் பார்த்தது. மற்றப் பெடியள் ஸ்கோரைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"பகிடிக்குச் சொன்னனான் மாமா. கார்ட்டூன்ல சொல்லுறதுதான்." திரும்பி வரும்போது இதையே பத்துத் தரம் சொன்னான். உவர்மலைக்கு ஏறும்போது மோட்டார்சைக்கிளின் பின்னாலிருந்து கேட்டான்: "யூதர் எண்டா ஆர் மாமா?"

அந்தக் கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது.

தெரியாதவர்களுக்கு: சவுத் பார்க் 1997 ஆகஸ்டில் அமெரிக்காவில் கொமெடி சென்ட்ரல் சனலில் தொடங்கிய கார்ட்டூன். ட்ரே பார்க்கரும் மட் ஸ்டோனும் முதல் கதையைக் கடதாசி வெட்டி ஒட்டித்தான் செய்தார்கள். அப்புறம் கம்ப்யூட்டருக்கு மாறினாலும் அந்த வெட்டி ஒட்டிய தோற்றத்தை விடவில்லை. பார்த்தால் பாலர் வகுப்புப் படம் மாதிரி இருக்கும். கதாநாயகர்கள் நாலு சின்னப் பெடியள். ஆனால் அங்கே அதற்கு டிவி எம்ஏ தரம், அதாவது 17 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஏற்றதாக இல்லாமல் இருக்கலாம் என்ற எச்சரிக்கை. இதை யாருமே பார்க்கக் கூடாது என்று தொடக்கத்தில் அவர்களே எழுதிப் போடுவார்கள். அதுவும் ஒரு பகிடி.

நானும் இதற்கு ரசிகன்தான். இரவு பதினொரு மணிக்கு ஹெட்போன் மாட்டிக்கொண்டு சிரிக்கிற ஆள். அதனால் கலாசாரம் கெட்டுப்போச்சு என்று கூப்பாடு போட வரவில்லை. குசுப் பகிடி, மலப் பகிடி எனக்குப் பிரச்சினையே இல்லை. பத்து வயதுப் பெடியனுக்கு அதைக் கற்றுக்கொடுக்க அமெரிக்காவிலிருந்து யாரும் வரத் தேவையில்லை, பள்ளிக்கூட வாங்கு போதும்.

என் பிரச்சினை கார்ட்மன். அவன் பொய்யன், பேராசைக்காரன், இனவெறியன். எழுதினவர்கள் அவனை அப்படித்தான் எழுதினார்கள், சிரிப்பு அவன்மேல்தான் விழ வேண்டும். ஆனால் அப்படிச் சிரிப்பதற்கு அவன் சொல்வது பிழை என்று முதலே தெரிந்திருக்க வேண்டுமே. யூதர் யார், அவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தவனுக்கு அது நையாண்டி. திருகோணமலையில் பிறந்து யூதர் ஒருவரையும் கண்ணால் காணாத பிள்ளைக்கு அந்தச் சொல்லே முதன்முதலாக வசையாகத்தான் காதில் விழுகிறது. வாயாடித்தனத்தில் கார்ட்மனை அடிக்க ஆளில்லை, அதனால் பிள்ளைக்கு அவன்தான் ஹீரோ.

இன்னொன்று, இவன் முழுக் கதையைப் பார்க்கவே இல்லை. ரீவியில் யூடியூப், இரண்டு நிமிடத் துண்டு, அது முடிய அடுத்தது. ஒரு கதை இருபது இருபத்திரண்டு நிமிடம் ஓடும். கைல் திருப்பிக் கொடுப்பான், கார்ட்மன் மூக்குடைபடுவான், பழைய கதைகளில் கடைசியில் "இன்றைக்கு ஒன்று கற்றுக்கொண்டேன்" என்று ஒரு பிரசங்கமும் வரும். துண்டில் வசை மட்டும் மிஞ்சுகிறது. முகப்பில் போட்ட எச்சரிக்கையும் வெட்டுப்பட்டுப் போகிறது.

அத்தானிடம் சொன்னேன். "கார்ட்டூன் தானேடா, இங்கிலிஷும் பழகுவான்" என்றார். ரூபவாகினியில் சிங்களக் குரலில் பக்ஸ் பனி பார்த்து வளர்ந்த தலைமுறை நாங்கள், கார்ட்டூன் என்றால் முயல்தான். அதோடு எங்கள் வீடுகளில் ஆங்கிலக் கெட்ட வார்த்தை சுடுவதில்லை. அந்த வசனங்களில் ஒன்றைத் தமிழில் சொல்லியிருந்தால் அம்மா ரிமோட்டாலேயே எறிந்திருப்பா. ஆங்கிலத்தில் ஓடும்போது பக்கத்திலிருந்து வெங்காயம் உரிக்கிறா.

ஆனால் அதே அம்மாவும் அத்தானும் ஞாயிறு இரவு தமிழ் கொமெடி நிகழ்ச்சியில் குண்டான பெண்ணையும் கறுத்த பெண்ணையும் மேடையில் நிறுத்தி நக்கலடிக்கும்போது பிள்ளையை மடியில் வைத்துச் சிரிக்கிறார்கள். அதற்கு ஒரு எச்சரிக்கையும் கிடையாது. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன், இப்போதே கோபம் வருகிறது.

1999 இல் சவுத் பார்க் படமாகவும் வந்தது. பெடியள் வயது வந்தவர்களுக்கான படம் ஒன்றைக் கள்ளமாகப் பார்த்துவிட்டுக் கெட்ட வார்த்தை பேச, தாய்மார் அந்தப் படத்தை எடுத்த கனடாவோடு சண்டைக்கே போய்விடுவார்கள். கனடாவோடு சண்டைக்குப் போக எனக்குத் தெம்பில்லை, எங்கள் சொந்தத்தில் பாதி அங்கேதான். பத்து வயதுக்கு வேண்டாம், பதினைந்து பதினாறில் நானே பக்கத்திலிருந்து முழுக் கதையாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று மருமகனிடம் சொன்னேன். "அப்ப நீங்க மட்டும் பாக்கலாமோ?" என்றான். பதில் வரவில்லை, பிளேன்ரீ குடித்தேன்.

கூட்டாளி வீட்டுக்கு மறுநாள் கூட்டிக்கொண்டு போனேன். இவன் வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டான். உள்ளே இருந்து பதில் வர நேரமெடுத்தது. இன்னும் பழையபடி ஆகவில்லை, ரியூசனில் இருவருக்கும் இடையில் ஒரு புத்தகப்பை இருக்கிறதாம்.

ரீவியில் யூடியூப்பை நாலு இலக்கம் போட்டுப் பூட்டி, அந்த இலக்கத்தை அக்காவிடம் மட்டும் சொன்னேன். நேற்றுப் போனபோது அக்கா சமையல் வீடியோ பார்க்க ரிமோட்டோடு நிற்கிறா. "தம்பி, என்னடா அந்த நம்பர்?" என்று கூப்பிட்டது என்னையல்ல, மகனை.