எந்த மீடியம்?

தஞ்சாவூரில் ஒரு பழைய வீட்டுக் கூடம். பெயிண்டர் அப்பா சாரத்தின் மேல். கையாள் காலையில் 'வயிற்று வலி' என்று போன் செய்துவிட்டதால், ஓவியக் கல்லூரியில் முதலாமாண்டு முடித்துவிட்டு விடுமுறைக்கு வந்த மகள் கையில் சுரண்டும் தகட்டோடு கீழே. வீட்டுக்காரர் பின்கட்டில் இருக்கிறார். டீ கேட்பார்களோ என்ற பயம் இருக்கும்வரை வீட்டுக்காரர்கள் பின்கட்டில்தான் இருப்பார்கள்.

அப்பா: ஒரு வருஷம் ஓடிப்போச்சு. என்னதான் சொல்லிக் கொடுத்தார்கள்?

மகள்: இந்த வருஷம் முழுக்க மீடியம்தான்ப்பா.

அப்பா: நீ தமிழ் மீடியம்தானே?

மகள்: அந்த மீடியம் இல்லைப்பா. ஊடகம்.

அப்பா: டிவியில் செய்தி வாசிக்கப் போகிறாயா?

மகள்: ஐயோ! எதை வைத்து வரைகிறோமோ அதுதான் மீடியம். கரி, நீர்வண்ணம், எண்ணெய் வண்ணம், லினோ என்று ஒவ்வொன்றையும் கொஞ்ச நாள் கையில் கொடுப்பார்கள். எது நமக்கு ஒத்துவருகிறது என்று பார்க்க வேண்டும்.

அப்பா: பெண் பார்க்கிற மாதிரி.

மகள்: ஆமாம். ஆனால் எல்லா இடத்திலும் என்னைத்தான் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா: முதலில் எந்த இடம்?

மகள்: கரி. வில்லோ என்று ஒரு மரம். அதன் குச்சியைக் காற்றுப் படாமல் சுட்டு, பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். ஒரு பெட்டி விலையில் நம் வீட்டுக்கு ஒரு மூட்டை அடுப்புக்கரி வாங்கலாம்.

அப்பா: உன் பாட்டி பல் விளக்கின சாமானுக்குப் பெட்டியா?

மகள்: இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு பானை வரைந்தேன்ப்பா. உருண்டையாக, நிழலோடு, எடுத்துத் தண்ணீர் பிடிக்கலாம் போல வந்தது. எனக்கே சந்தோஷம் தாங்கவில்லை. ஆசையாகத் தடவிப் பார்த்தேன். பானை போச்சு.

அப்பா: உடைந்துவிட்டதா?

மகள்: என் உள்ளங்கைக்கு வந்துவிட்டது. மேலே ஒரு ஸ்பிரே அடித்தால்தான் கரி காகிதத்தில் தங்குமாம். பக்கத்தில் இருந்தவள் அப்புறம் சொன்னாள்.

அப்பா: பக்கத்தில் இருப்பவர்கள் எப்போதும் அப்புறம்தான் சொல்வார்கள். சரி, அடுத்தது?

மகள்: நீர்வண்ணம். அதில் வெள்ளை நிறத்தைத் தொடவே விடமாட்டார்கள். வெள்ளை வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். எங்கே விடுகிறோம் என்பதில்தான் மார்க்.

அப்பா: வேலை செய்யாமல் விட்ட இடத்துக்கு மார்க்கா? என் தொழிலில் அதற்குக் கூலியைப் பிடிப்பார்கள்.

மகள்: வெளிர் நிறம் முதலில், அடர்ந்தது கடைசியில். அவசரப்பட்டுக் கருப்பை முன்னால் வைத்துவிட்டால் தீர்ந்தது கதை.

அப்பா: மேலே இன்னொரு கோட் கொடு.

மகள்: கொடுத்தாலும் கீழே இருப்பது தெரியும்ப்பா.

அப்பா: மறைக்காவிட்டால் அது என்ன பெயிண்ட்? (டப்பாவைத் தட்டுகிறார்) இதைப் பார். இரண்டு கோட்டில் குடும்ப ரகசியத்தையே மறைக்கும்.

மகள்: அப்புறம் டெம்பரா.

அப்பா: அப்படி வா வழிக்கு! டிஸ்டெம்பர் எனக்குத் தெரியாததா? பத்து வருஷம் அதைத்தானே அடித்தேன்.

மகள்: 'டிஸ்' கிடையாது, வெறும் டெம்பரா. இரண்டு பேருக்கும் லத்தீனில் ஒரே வேர்தான். ஆனால் உன்னுடையதில் பசை, எங்களுடையதில் முட்டை.

அப்பா: (சுரண்டுவதை நிறுத்தி) எது?

மகள்: கோழி முட்டை. மஞ்சள் கரு மட்டும். அதைச் சுற்றி மெல்லிசாக ஒரு தோல் இருக்குமே, அதை இரண்டு விரலால் பிடித்துத் தொங்கவிட்டு, கீழே ஊசியால் குத்தினால் உள்ளே இருப்பது மட்டும் கிண்ணத்தில் இறங்கும். தோல் கையோடு நிற்க வேண்டும். அதில் நிறப்பொடியையும் தண்ணீரையும் குழைத்தால் டெம்பரா.

அப்பா: வெள்ளைக் கருவை என்ன செய்தீர்கள்?

மகள்: ஹாஸ்டலில் ஒரு வாரம் ஆம்லெட். வெள்ளை வெளேர் என்று. பார்த்தால் சாப்பிடத் தோன்றாது, நிறம் தீட்டத்தான் தோன்றும்.

அப்பா: படத்தில் வாடை வராதா?

மகள்: காய்ந்ததும் போய்விடும். நல்லா இறுகியும் விடும். ஐரோப்பாவில் எண்ணெய் வண்ணம் பரவுவதற்கு முன்னால் எல்லாம் இதுதான். அறுநூறு வருஷத்துப் படங்கள் இன்னும் இருக்கின்றன.

அப்பா: முட்டை சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் விட்டால் எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்று உன் அம்மாவைக் கேள். அவள் இதற்கு ஃபீஸ் கட்டவில்லை.

மகள்: எல்லாவற்றுக்கும் நிறப்பொடி ஒன்றேதான்ப்பா. வேலம் பிசினில் குழைத்தால் நீர்வண்ணம், முட்டையில் குழைத்தால் டெம்பரா, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் ஆயில்.

அப்பா: ஒரே மாவில் இட்லி, தோசை, ஊத்தப்பம். இதைச் சொல்ல ஒரு வருஷமா? ஆயிலில் என்ன கெடுத்தாய்?

மகள்: இன்னும் தெரியவில்லை. காயவில்லை.

அப்பா: எப்போ அடித்தது?

மகள்: பங்குனி உத்திரத்துக்கு முன்னாடி. கொஞ்சம் தாராளமாக அப்பிவிட்டேன். தண்ணீர் மாதிரி ஆவியாகிப் போகிற சமாச்சாரம் இல்லைப்பா அது. எண்ணெய் காற்றில் இருக்கிற ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். மேலே வார்னிஷ் அடிக்க ஆறு மாசம் காத்திருக்க வேண்டும்.

அப்பா: ஆறு மாசமா! 'ஐயா, தொடாதீங்க, சுவர் காய ஆறு மாசம் ஆகும்' என்று நான் சொன்னால், வீட்டுக்காரர் என்னையும் சேர்த்துக் காயப் போட்டுவிடுவார்.

மகள்: அதில் ஒரு விதி வேறு. முதல் பூச்சில் டர்பன்டைன் அதிகம், எண்ணெய் குறைவு. மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல்பூச்சு முந்திக் காய்ந்து வெடித்துவிடும்.

அப்பா: முதல் கோட் நீர்க்க அடிடா என்று இந்த வயிற்று வலிக்காரனிடம் தினமும் கத்துகிறேனே, அது விதி என்று எனக்கே தெரியாது. அவனுக்கும் ஒரு சர்டிபிகேட் வாங்கி வா.

மகள்: நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்ப்பா. எண்ணெய் துடைத்த துணிகளை எல்லாம் சுருட்டி, ஒரு பையில் அடைத்து, கட்டிலுக்கு அடியில் வைத்தேன்.

அப்பா: (சாரத்தில் ஒரு படி இறங்கி) ஏய் ஆயி! லின்சீட் ஆயில் துணியையா? சுருட்டி வைத்தால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், தெரியுமா?

மகள்: உனக்கு எப்படித் தெரியும்?

அப்பா: மரக்கதவுக்கு எண்ணெய் போட்ட துணியைக் கொடியில் விரித்துக் காயப்போட வேண்டும், இல்லை தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும். உன் தாத்தா முதல் நாளே சொன்னது. தலையில் குட்டிச் சொன்னார். என்ன ஆச்சு?

மகள்: ஹாஸ்டல் பூனை இரண்டு நாளாக என் கட்டிலுக்கு அடியிலேயே படுத்திருந்தது. பாசம் என்று நினைத்தேன். பையைத் தொட்டுப் பார்த்தால் கதகதவென்று இருக்கிறது.

அப்பா: பூனைக்கு இருக்கிற அறிவு... சரி விடு. லினோ என்றாயே, அது என்ன?

மகள்: அதுவும் ஆளிவிதை எண்ணெய்தான்ப்பா. தக்கைத்தூளோடு கலந்து, சணல் துணியில் தகடு மாதிரி பரப்பியிருப்பார்கள். தரையில் விரிக்கச் செய்தது. நாங்கள் அதைச் செதுக்கி, மை தடவி, அச்சு எடுப்போம். அதில்தான் மானம் போச்சு.

அப்பா: யார் மானம்?

மகள்: உன் மானம். உன்னைத்தான் செதுக்கினேன். ஏணி மேல் நீ, வலது கையில் பிரஷ், பின்னால் 'இங்கு பெயிண்டிங் வேலை செய்யப்படும்' என்று போர்டு. அச்சு எடுத்தால் நீ இடது கைக்காரன். போர்டு, ஆம்புலன்ஸ் முன்னால் எழுதியிருக்குமே, அப்படி.

அப்பா: (காதில் செருகிய பென்சிலை எடுத்துச் சுவரில் விறுவிறுவென்று ஏதோ கிறுக்குகிறார்) இந்தா, உன் போனில் செல்ஃபி காமிராவைத் திருப்பி இதைப் பார்.

மகள்: (முதுகைக் காட்டி நின்று போனைத் தூக்கி) அப்பா! 'முருகன் துணை'! இடவலம் மாற்றி எழுதியிருக்கிறாய்!

அப்பா: ஃப்ளெக்ஸ் வந்து பிழைப்பைக் கெடுப்பதற்கு முன்னால் நான் போர்டு ஆர்ட்டிஸ்ட், தெரியும்தானே? கடைக் கண்ணாடிக் கதவில் உள்பக்கம் நின்றுதான் எழுதுவோம். வெளியே எழுதினால் மழையும் சாணித்துணியும் சேர்ந்து அழித்துவிடும். தெருவில் போகிறவனுக்கு நேராகத் தெரிய வேண்டும் என்றால் நமக்குத் திருப்பித்தான் வர வேண்டும்.

மகள்: இதுதான்ப்பா தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம்! கண்ணாடிக்குப் பின்பக்கம் வரைவார்கள். இடவலம் மட்டும் இல்லை, வரிசையும் தலைகீழ். கண்ணின் கருமணி, நகை, கோடு எல்லாம் முதலில். முகம் அப்புறம். பின்னணி கடைசி.

அப்பா: பாயசத்தில் தொடங்கி, இலை ஓரத்து உப்பில் முடிகிற விருந்து.

மகள்: எங்கள் வகுப்பில் ஒருத்தி பழக்க தோஷத்தில் முகத்தை முதலில் பூசிவிட்டாள். வெண்ணெய் இருக்கிறது, பானை இருக்கிறது, கிருஷ்ணருக்குக் கண் மட்டும் இல்லை.

அப்பா: வெண்ணெய் திருடுகிறவனுக்குக் கண் எதற்கு? மூக்குப் போதும். நீ வேலையைப் பார். அந்த மூலையில் உதிர்கிறது பார், அதைச் சுரண்டு.

(மகள் சுரண்டுகிறாள். சத்தம் கொஞ்ச நேரம் வருகிறது. அப்புறம் வரவில்லை.)

அப்பா: என்ன, வயிற்று வலியா?

மகள்: இங்கே பாரேன். பச்சைக்குக் கீழே ரோஸ்.

அப்பா: பச்சை, ஜோசியர் சொன்னதற்காக அடித்தது. ரோஸ், இவர் பையன் கல்யாணத்துக்கு. அதற்குக் கீழே நீலம் வரும், பெண்ணுக்குச் சடங்கு சுற்றினபோது.

மகள்: வந்துவிட்டது! அதுக்கும் கீழே ஒரு வெள்ளை. உற்றுப் பார்த்தால் லேசாக நீலம் ஓடுகிறது.

அப்பா: சுண்ணாம்பு. துணிக்குப் போடுகிற நீலத்தில் கொஞ்சம் கலந்தால் வெள்ளை எடுப்பாக இருக்கும். உன் தாத்தா அடித்தது. நான் வாளி தூக்கினேன்.

மகள்: பெரிய கோயில் மாதிரி இருக்கிறதுப்பா. கருவறையைச் சுற்றி உள்ளே ஒரு இருட்டுப் பாதை இருக்கிறதே, அதன் சுவரில் நாயக்கர் காலத்து ஓவியம். அது உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் காலத்து ஓவியம். 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி என்கிற பேராசிரியர் கண்டுபிடித்தார். அதுவரை கீழே ஒன்று இருப்பதே வெளியே தெரியாது.

அப்பா: அப்போ, நாயக்கர் காலத்துப் பெயிண்டர் சுரண்டாமலே மேலே அடித்துவிட்டானா? நான் அங்கே இருந்திருந்தால் சுத்தமாகச் சுரண்டிப் பட்டி பார்த்திருப்பேன்.

மகள்: நல்ல வேளை, நீ இல்லை! ஆனால் இந்தச் சுவரில் நீயும்தானே மூன்று தடவை சுரண்டாமல் அடித்திருக்கிறாய்?

அப்பா: இவர் கொடுத்த கூலிக்கு அவ்வளவுதான். ராஜராஜ சோழன் கோயில் என்றால் வேறு ரேட்.

மகள்: பின்னாளில் தொல்லியல் துறைக்காரர்கள் மேலே இருந்த ஓவியத்தையும் கெடுக்காமல் பெயர்த்து எடுத்து, தனியாகப் பலகையில் ஒட்டி வைத்தார்கள். இரண்டுமே பிழைத்தது. அப்பா... ஒன்று கேட்கட்டுமா?

அப்பா: பணமா?

மகள்: கல்லூரி திறந்ததும் 'எனக்குப் பிடித்த மீடியம்' என்று ஒரு வேலை கொடுக்க வேண்டும். (மாஸ்கிங் டேப்பைக் கிழித்து, சுரண்டிய இடத்தைச் சுற்றி ஓர் அடிச் சதுரம் ஒட்டுகிறாள்.) இதை மட்டும் விட்டுவிடேன். நாலு நிறமும் தெரிகிற மாதிரி.

அப்பா: கூலியைப் பிடிப்பார் என்று இப்போதுதானே சொன்னேன்?

மகள்: நீர்வண்ணம்ப்பா. தொடாமல் விட்டால்தான் மார்க்.

அப்பா: போட்டோ எடுத்துக்கொள். அஞ்சு நிமிஷம். அப்புறம் பட்டி, பிரைமர்.

(மகள் போட்டோ எடுக்கிறாள். கிட்ட நின்று ஒன்று, தள்ளி நின்று ஒன்று, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஒன்று. அப்பா சதுரத்தைச் சுற்றி பிரைமர் அடித்து வருகிறார். மேலே ஆயிற்று, கீழே ஆயிற்று, இரண்டு பக்கமும் ஆயிற்று. ரோலரை நனைக்கக் குனிகிறார். அது நனைந்துதான் இருக்கிறது. மறுபடியும் நனைக்கிறார். பின்கட்டுக் கதவு திறக்கிறது. ஆச்சரியம், டீ வருகிறது. அதோடு ஒரு குரலும்: "என்ன மேஸ்திரி, அந்தச் சதுரம் மட்டும் விட்டுப்போச்சு?")

அப்பா: ஐயா, ஐயா, கிட்ட வராதீங்க! அது ஆயில் வேலை. காய ஆறு மாசம் ஆகும்.