நிதிச் சுதந்திரம் விற்க வருகிறவர்களிடம் ஒரு தாள் கேளுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம் ஆட்களுக்கு இது பழகிய கதை. வால்மார்ட்டிலோ காஸ்ட்கோவிலோ தள்ளுவண்டியோடு நிற்போம். "நீங்க தமிழா? எந்த ஊர்?" என்று ஒருவர் சிரித்தபடி வருவார். போன் நம்பர் வாங்கிக்கொள்வார். அடுத்த வாரம் ஒரு காபி, அப்புறம் ஒரு ஜூம் கூட்டம். பொருளை விற்று, கீழே ஆட்களையும் சேர்த்துவிட்டுக் கமிஷன் வாங்கும் எம்எல்எம் என்ற நேரடி விற்பனைக்கு ஆள் பிடிக்கும் கூட்டம் அது. அங்கே பொருளைப் பற்றிய பேச்சு கொஞ்சம்தான். வேலையை விட்டவர், வீட்டுக் கடனை அடைத்தவர் என்று வருமானக் கதைகளே ஓடும். ஹெச்1பி விசாவில் இருப்பவர் ஸ்பான்சர் செய்த நிறுவனத்தைத் தாண்டி உழைத்துச் சம்பாதிக்கக் கூடாது. அதைப் பற்றிக் கேட்டால், "இது பாசிவ் இன்கம்தானே", அதாவது உழைக்காமலே வரும் வருமானம்தானே என்று கடந்துவிடுவார்கள். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இந்தத் துறை தன்னைத்தானே கண்காணித்துக்கொள்வதாகச் சொல்கிறது. 2019 முதல் நேரடி விற்பனைக்கென ஒரு சுய ஒழுங்குமுறை கவுன்சில் இயங்குகிறது. நடத்துவது பிபிபி நேஷனல் புரோகிராம்ஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு, பணம் தருவது நேரடி விற்பனை நிறுவனங்களின் சங்கம். சங்கத்தில் சேராத கம்பெனிகளின் இணையப் பதிவுகளையும் தேடிப் பிடிக்கிறார்கள். 'முழுநேர வருமானம்', 'வரம்பில்லா வருமானம்' போன்ற பேச்சே ஆட்களை ஏமாற்றக்கூடியது என்று வழிகாட்டியும் வைத்திருக்கிறார்கள். நல்ல வேலை, மறுக்கவில்லை.

ஆனால் அபராதம் போடும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. கம்பெனி பதிவை நீக்கிவிட்டால் பெரும்பாலும் விஷயம் முடிந்தது. ஒத்துழைக்காவிட்டால் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையமான எஃப்டிசி-க்கு அனுப்பலாம். 2016-ல் ஹெர்பாலைஃப் என்ற எம்எல்எம் கம்பெனி 20 கோடி டாலர் கட்டியதும் அரசின் அந்த ஆணையம் வழக்குப் போட்டதால்தான். தவிர, கவுன்சிலின் கண்ணில் படுவது பொதுவெளிப் பதிவுகள்தான். யார் வீட்டு ஹாலிலோ உட்கார்ந்து, "என் அப்லைன் (என்னைச் சேர்த்துவிட்டவர்) மாசம் பத்தாயிரம் டாலர் எடுக்கிறார்" என்று சொல்வதை யார் போய்க் கேட்பது?

2024 செப்டம்பரில் எஃப்டிசி அதிகாரிகள், எம்எல்எம் கம்பெனிகள் தாங்களே வெளியிட்ட 70 வருமான அறிக்கைகளை அலசினார்கள். அதில் தெரிந்தது: பெரும்பாலானவர்களுக்கு ஆண்டுக்கே 1,000 டாலரோ அதற்குக் குறைவோதான் வந்திருக்கிறது. மாதக் கணக்கில் 84 டாலர்கூட இல்லை. குறைந்தது 17 கம்பெனிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை. இத்தனைக்கும் பல அறிக்கைகள் ஒன்றும் சம்பாதிக்காதவர்களைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை, செலவையும் கழிப்பதில்லை. மாதாமாதம் வாங்கும் பொருள், மாநாட்டு டிக்கெட், விமானம், ஹோட்டல் எல்லாம் கழித்தால் எத்தனை பேர் கையில் காசு நிற்கும்?

அதனால் பதிவுகளை நீக்கச் சொல்வதோடு கவுன்சில் நிற்கக் கூடாது. சேர வருகிறவர் கையெழுத்துப் போடும் முன்பே, பூஜ்யம் வாங்கியவர்களையும் சேர்த்து, செலவு கழித்த கணக்கு ஒரே தாளில் அவர் கையில் இருக்க வேண்டும். தர மறுக்கும் கம்பெனியின் பெயரைக் கவுன்சில் வெளியிடட்டும். சங்கத்தின் உறுப்பினர் என்றால் சங்கம் வெளியேற்றட்டும்.

அதுவரை நாமே கேட்போம். அந்த அண்ணன் அடுத்த முறை காபிக்குக் கூப்பிட்டால், "தாளை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்புங்க, படிச்சிட்டு வரேன்" என்று சொல்லுங்கள்.