லட்டை விடுங்கள், கிளாஸைப் பாருங்கள்

தீபாவளி நெருங்கினால் போதும், 'சீனி ஒரு வெள்ளை விஷம்' என்ற செய்தி குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் மாமாக் கடையில் (மலேசியாவின் இந்திய முஸ்லிம் உணவுக்கடை) தே தாரிக்கை (டின் பால் ஊற்றி ஆற்றிய டீ) முன்னால் வைத்துக்கொண்டுதான் அனுப்புகிறார்கள் என்பது என் சந்தேகம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மைக் கெடுப்பது பண்டிகைப் பலகாரம் இல்லை, தினமும் குடிக்கிற சீனித் தண்ணிதான். வருடத்தில் சில நாள் சாப்பிடுகிற லட்டுவுக்கும் அதிரசத்துக்கும் இவ்வளவு பயம் காட்டுகிறவர்கள், காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்று இறங்குகிற கிளாஸை ஒரு சாப்பாடாகவே கணக்கில் எடுப்பதில்லை.

2019-இல் மலேசியச் சுகாதார அமைச்சு எடுத்த தேசிய ஆய்வில் நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு நோய், இருந்தது. இங்குள்ள இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4, கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர். 2023 ஆய்வில் நாட்டின் மொத்தக் கணக்கு 15.6-க்கு இறங்கியது, ஆனாலும் ஆறில் ஒருவர். இதற்குச் சீனி மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். பரம்பரை இருக்கிறது, தட்டு நிறையச் சோறு இருக்கிறது, பக்கத்துக் கடைக்கும் காரை எடுக்கிற பழக்கம் இருக்கிறது. ஆனால் சீனித் தண்ணீருக்கு ஒரு தனிக் குணம் உண்டு. மெல்லுகிற வேலை இல்லை, வயிறு நிறைந்த உணர்வும் வராது, அதனால் அடுத்த வேளைச் சோறு ஒரு பிடிகூடக் குறையாது. மிஞ்சுவது இடுப்பிலும் கல்லீரலிலும் கொழுப்பாகச் சேரும், அப்புறம் இன்சுலின் சொல்வதை உடம்பு கேட்காது.

கோலாலம்பூர் செந்தூலில் நான் வழக்கமாகப் போகும் கடையில் தே கலக்குகிற அண்ணனின் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அவ்வளவு வேகம். பெரிய கரண்டியை டின் பாலுக்குள் (சர்க்கரை சேர்த்துச் சுண்டவைத்த பால்) விட்டு எடுத்து, கிளாஸில் இறக்கி, கரண்டியில் ஒட்டியிருப்பதையும் விளிம்பில் வழித்துவிடுவார். 'அண்ணே, குராங் மானிஸ்' (இனிப்பு கம்மி) என்று சொன்னால் அந்தக் கடைசி வழிப்பு மட்டும் இருக்காது. அவர்மேல் தப்பில்லை, யாரும் அவருக்கு அளவு சொல்லித் தரவில்லை, வாடிக்கையாளரும் சப்பென்று இருந்தால் திட்டுவார். டின் பாலில் எடைக்கு ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். 40 கிராம் விழுந்தால் 20 கிராம் சர்க்கரை. வெளியிலிருந்து சேர்க்கும் சர்க்கரை, தேன், பழச்சாற்றில் இருப்பது எல்லாம் சேர்த்து நாளுக்கு சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்னது. மூன்று கிளாஸ் உள்ளே போனதும் கணக்கு முடிந்துவிட்டது. சோற்றுக்கே நாம் இன்னும் வரவில்லை.

அரசாங்கமும் சும்மா இல்லை. 2019 ஜூலையிலிருந்து இனிப்புப் பானங்களுக்கு வரி, முதலில் லிட்டருக்கு 40 சென், போன வருடங்களில் கூட்டிக்கொண்டே வந்தார்கள். 100 மில்லிக்கு 5 கிராமைத் தாண்டினால்தான் சாதாரணக் குளிர்பானத்துக்கு வரி. அதனால் பல கம்பெனிகள் சீனியை அந்தக் கோட்டுக்குக் கீழே இறக்கின. நல்லதுதான், ஆனால் கோட்டுக்குச் சரியாகக் கீழே நிற்கும் 320 மில்லி டின்னிலும் கிட்டத்தட்ட 16 கிராம் இருக்கும், அதையும் யாரும் மறக்க வேண்டாம். இந்த வரி கம்பெனியில் தயாராகி வருவதைத்தான் பிடிக்கும். கடையில் கண்முன்னே கலக்கித் தருகிற தே தாரிக்கையும் மைலோ ஐஸையும் சிராப் பண்டுங்கையும் (ரோஸ் சிராப் கலந்த பால்) தொடாது.

அடுத்தது நாட்டுச் சர்க்கரைக் கூட்டம். 'நான் சீனியே தொடறதில்ல, குலா மெலாக்காதான், தேன்தான்' என்று பெருமையாகச் சொல்வார்கள். குலா மெலாக்கா என்பது தென்னை வெல்லம். ருசி வேறு, மணம் வேறு, அதை ஒத்துக்கொள்கிறேன், குலா மெலாக்கா ஊற்றிய செண்டோலுக்கு நானும் அடிமை. ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே சர்க்கரைதான். அதில் இருக்கும் இரும்புச் சத்துக்காக அதைச் சாப்பிடுவது, பேரீச்சம்பழ அல்வாவை மருந்து என்று சொல்லிச் சாப்பிடுவது மாதிரி. முழுப் பழம் வேறு கதை, நார் இருப்பதால் சர்க்கரை மெதுவாக ஏறும், வயிறும் நிறையும்.

விஷம் விஷம் என்று கத்துவதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இன்சுலின் போடுகிற ஒருவர் விரதம் இருந்து, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, பேச்சுக் குழறினால், அது பெரும்பாலும் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிப் போன நேரம், லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே. அப்போது அவருக்கு உடனே வேண்டியது 15 கிராம் சீனி கரைத்த தண்ணிதான், கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 'அவருக்கு இனிப்பு ஆகாது' என்று தட்டிப் பறிக்கிற உறவினர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அதனால் தாத்தா தீபாவளிக்கு ஒரு பால்கோவா கேட்டால் கொடுங்கள், அன்றைக்குச் சோற்றில் ஒரு கரண்டி குறையுங்கள், மருந்தை மறக்காமல் பாருங்கள். எழுபது வயது மனிதரைப் பலகாரத் தட்டுக்கு முன்னால் திருடன் மாதிரி உட்கார வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. அதே தாத்தாவின் தினசரித் தேத்தண்ணியை ஓ கொசோங்காக, அதாவது பாலும் சீனியும் இல்லாத டீயாக, மாற்றுங்கள். முதல் வாரம் முகம் சுளிப்பார், அப்புறம் நாக்கு பழகிவிடும்.

இன்னொன்று, தைப்பூசத் தண்ணீர் பந்தல். பத்துமலைப் பாதையில் கலர் கலராக சிராப் தண்ணி, அடுத்த பந்தலிலும் அதே, அதற்கடுத்ததிலும் அதே. சும்மா பச்சைத் தண்ணீர் கேட்டால் தேட வேண்டியிருக்கிறது. புண்ணியத்துக்குச் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை, ஆனால் மோர் என்ன பாவம் செய்தது? 'சிராப் இல்லாம பந்தலாடா' என்று கமிட்டியில் ஒரு பெரியவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும். அடுத்த வருடம் யாராவது மோர்ப் பந்தல் போடுவதாக இருந்தால் கீழே எழுதுங்கள், இஞ்சியும் பச்சை மிளகாயும் இடிக்க நான் வருகிறேன்.