வருகிறீர்களா இல்லையா, அதையாவது சொல்லுங்கள்

நியூஜெர்சியில் அக்டோபர் பிறந்தாலே வாசலுக்கு வாசல் பூசணிக்காய்தான். குழந்தைகள் வேஷம் போட்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கும் ஹாலோவீன் வருகிறதே, அதற்கு எங்கள் தெருக் குட்டிகளுக்கு வீட்டிலேயே பார்ட்டி வைக்கலாம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். எல்லோரும் படித்துவிட்டார்கள், நீல டிக் விழுந்திருக்கிறது. பதில்தான் இல்லை. சிலர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்கள். அதற்கு வருகிறேன் என்று அர்த்தமா, பார்க்கலாம் என்று அர்த்தமா?

ஆள் கணக்குகூடப் பரவாயில்லை, பீட்சாவைக் கூடக்குறைய வாங்கிக்கொள்ளலாம். எந்தக் குழந்தைக்கு எது அலர்ஜி என்று கேட்டதற்கும் வாயைத் திறக்காவிட்டால் எப்படி? வேர்க்கடலை விஷயம் விளையாட்டில்லை, உயிருக்கே ஆபத்தாகிவிடும். இதற்காகத்தானே 2014-லிருந்து நாடு முழுக்கப் பல வீடுகளில் நீலப்பச்சை நிறப் பூசணி வைக்கிறார்கள்? தின்பண்டம் அல்லாத பரிசும் இங்கே உண்டு என்பதற்கு அது அடையாளம். நானும் ஸ்டிக்கர், கிரேயான், சோப்புக் குமிழி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறேன். ஆனால் போன வருஷம் வந்தவர்கள் மூன்று வயசுப் பிள்ளை கையில் கெட்டி மிட்டாயைத் திணித்தார்கள். தொண்டையில் சிக்கும், இந்த வயசுக்கு வேண்டாம் என்று டாக்டர்கள் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள், யார் கேட்கிறார்கள்?

அப்புறம் அந்த முகமூடி! ரத்தம் வழியும் முகத்தோடு ஒரு பெரிய பையன் உள்ளே வர, தேனீ வேஷம் போட்ட குட்டி ஒன்று அலறிவிட்டது. ஒரு இறக்கை ஒடிந்து தொங்க, கடைசிவரை அம்மா இடுப்பை விட்டு இறங்கவே இல்லை. பையனின் அப்பா, "பயம் தெளியட்டும்" என்று சிரிக்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தடவை அப்படிப்பட்ட முகமூடி வாசலோடு சரி.